நெல் வயல் இளைப்பது ஏன்?

தண்ணீர் வரும் தேதிக்கும் மண்ணின் பலத்துக்கும் உள்ள உறவு

ஜூன் மாதம் 12-ந் தேதி.

காவிரி டெல்டா விவசாயிகள் இந்தத் தேதியைப் பொங்கல், தீபாவளி போல மனத்தில் வைத்திருக்கிறார்கள். மேட்டூர் அணையைப் பாசனத்துக்குத் திறக்க வேண்டிய நாள் அதுதான்.

எல்லா வருஷமும் அப்படி நடப்பதில்லை. 2022-ம் ஆண்டில் மே 24-ந் தேதியே அணை திறக்கப்பட்டது. 2024-ம் ஆண்டில் ஜூலை 28-ந் தேதிதான் திறந்தார்கள். 46 நாள் தாமதம்! 2025-ம் ஆண்டில் மறுபடியும் ஜூன் 12-ந் தேதி தண்ணீர் வந்தது.

தண்ணீர் தாமதமானால் என்ன நஷ்டம்? "குறுவை போயிற்று" என்பார்கள். எத்தனை ஏக்கர் தரிசு, எத்தனை மூட்டை நெல் குறைவு என்று கணக்குப் போடுவார்கள். பத்திரிகைகளிலும் அந்தக் கணக்குத்தான் வரும்.

இன்னொரு நஷ்டமும் உண்டு. அதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. அது மண்ணுக்கு ஏற்படும் நஷ்டம்.

முன்பு ஒரு மூட்டை யூரியாவில் கருகருவென்று நின்ற பயிர், இப்போது அதற்கு மேல் போட்டாலும் மஞ்சளித்து நிற்கிறது. டெல்டா கிராமங்களில் இந்தக் குறையை அடிக்கடி கேட்கலாம். கோளாறு உர மூட்டையில் இல்லை. விதைக்கும் காலம், நடும் முறை, உரம் இடும் விதம் ஆகிய மூன்றும் ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடக்கின்றன. ஒன்று தவறினால் மற்ற இரண்டும் தவறுகின்றன. கடைசியில் அடி வாங்குவது மண்தான்.

எப்படி என்று பார்ப்போம்.

தண்ணீர் செய்யும் சமையல்

நெல் வயலுக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. தலைமுறை தலைமுறையாக ஒரே பயிரைச் செய்தும் தஞ்சை மண் செத்துப் போகவில்லை. அதற்கு முக்கிய காரணம், வயலில் தேங்கி நிற்கும் தண்ணீர்.

தண்ணீர் நின்றால் மண்ணுக்குள் காற்று புகாது. அதனால் இலை, வேர், எரு எல்லாம் மெதுவாக மக்கும். மக்கு சீக்கிரம் கரைந்து போகாமல் மண்ணில் தங்கும். களர் மண்ணானாலும் சரி, புளிப்பு மண்ணானாலும் சரி, தண்ணீர் நின்ற சில வாரங்களில் பெரும்பாலும் நடுநிலையை நெருங்கும். மண்ணோடு ஒட்டிக் கிடக்கும் மணிச்சத்து இளகி வேருக்குக் கிடைக்கும்.

தண்ணீரில் நீலப்பச்சைப் பாசி படரும். அந்தப் பாசி, காற்றில் உள்ள தழைச்சத்தைப் பிடித்து வயலுக்குக் கொடுக்கும். இதை 1939-ம் ஆண்டிலேயே பி.கே.டே என்ற இந்திய விஞ்ஞானி எடுத்துக் காட்டினார்.

ஆகவே, தண்ணீர் பயிரின் தாகத்தை மட்டும் தீர்க்கவில்லை. மண்ணுக்குள் உட்கார்ந்து சமையலும் செய்கிறது.

ஆனால் எந்தச் சமையல் அறைக்கும் அடுப்பை அணைத்துக் கழுவி விடும் நேரம் வேண்டும். நெல் வயலுக்கும் அப்படித்தான். ஒரு போகத்துக்கும் அடுத்த போகத்துக்கும் நடுவே நிலம் காய வேண்டும். மண் காற்று வாங்க வேண்டும்.

பிலிப்பைன்ஸ் சொல்லும் பாடம்

இதற்கு ஒரு நல்ல சாட்சி பிலிப்பைன்ஸ் நாட்டில் இருக்கிறது. அங்கே லாஸ் பானோஸ் என்ற ஊரில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. அந்த நிலையத்தார் 1962-ம் ஆண்டில் ஒரு வயலைத் தனியாக ஒதுக்கி, விடாமல் நெல்லே பயிரிட்டு வந்தார்கள். 1968-ம் ஆண்டு முதல் வருஷத்துக்கு மூன்று போகம். உரத்துக்குக் குறைவில்லை. புதுப் புது ரகங்களையும் நட்டார்கள்.

இருந்தும் 1990-களின் தொடக்கம் வரை அந்த வயலின் விளைச்சல் சிறுகச் சிறுக இறங்கிக்கொண்டே வந்தது. மண்ணைச் சோதித்தால் மக்குச் சத்து குறையவில்லை. தழைச்சத்தும் மண்ணில் இருந்தது. ஆனால் எப்போதும் சேறாகவே கிடந்த மண், அந்தச் சத்தைப் பயிருக்குச் சரியாக விட்டுக் கொடுக்கவில்லை.

பிறகு நிலத்தைக் கொஞ்ச காலம் காய விட்டார்கள். தழைச்சத்தின் அளவையும் இடும் நேரத்தையும் பயிரின் தேவைக்குத் தக்கபடி திருத்தினார்கள். விளைச்சல் மீண்டும் ஏறியது.

மண்ணில் சத்து இருப்பது வேறு. அது பயிருக்குக் கிடைப்பது வேறு. இந்த வித்தியாசம் புரிந்தால் டெல்டாவின் பிரச்சினையும் புரிந்துவிடும்.

மண்ணுக்கு மூன்று இடைவேளை

நம் டெல்டாவில் குறுவை, சம்பா, தாளடி என்று மூன்று பட்டங்கள் உண்டு. ஜூனில் தண்ணீர் வந்தால் குறுவை நட்டு, செப்டம்பர், அக்டோபரில் அறுக்கலாம். அதே நிலத்தில் அக்டோபர், நவம்பரில் தாளடி நடுவார்கள். ஒரு போகம் மட்டும் செய்கிறவர்கள் ஆகஸ்டு, செப்டம்பரில் சம்பாவைத் தொடங்கி, தை மாதத்தில் அறுப்பார்கள்.

இந்த ஓட்டத்துக்கு நடுவே மண்ணுக்கு மூன்று இடைவேளை கிடைக்கிறது.

முதல் இடைவேளை தை, மாசி மாதங்களில் வருகிறது. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால், நிற்கும் பயிருக்குள்ளேயே உளுந்து அல்லது பச்சைப் பயறு தெளிப்பார்கள். நெல்லை அறுத்த பிறகு, மிச்ச ஈரத்திலும் பனியிலுமே பயறு வளர்ந்துவிடும். சுமார் 65, 70 நாளில் கைக்குக் காசு. பயற்றின் வேர் முடிச்சுகள் காற்றிலிருந்து தழைச்சத்தை இழுக்கின்றன. அதில் ஒரு பங்கு மணியோடு வீட்டுக்கு வருகிறது. உதிர்ந்த இலையும் வேரும் மண்ணுக்கு மிச்சம்.

இரண்டாவது இடைவேளை சித்திரை, வைகாசி. கோடை உழவு செய்யும் காலம் இதுதான். இராமநாதபுரம் பக்கத்திலிருந்து வரும் கீதாரிகள் ஆட்டுக் கிடை போடுவதும் அறுவடை முடிந்த இந்தக் கோடையில்தான். கோடை மழை பெய்தால் தக்கைப்பூண்டு, சணப்பு விதைத்து, 45 நாளில் பூக்கும் சமயம் மடக்கி உழலாம்.

மூன்றாவது இடைவேளை மிகச் சின்னது. குறுவை அறுப்புக்கும் தாளடி நடவுக்கும் இடையில் உள்ள சில நாட்கள் அவை.

இனி, தண்ணீர் தாமதமாக வந்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள். சம்பா விதைப்பு தள்ளிப் போகிறது. தையில் நடக்க வேண்டிய அறுவடை மாசிக் கடைசிக்கோ பங்குனிக்கோ போகிறது. அதற்குள் ஈரம் காய்ந்துவிடும், வெயில் ஏறிவிடும். உளுந்து தெளிக்க வழி இல்லை. குடும்பத்துக்கு உளுந்துப் பணம் போயிற்று. மண்ணுக்குப் பயற்றின் தழைச்சத்து போயிற்று. குறுவையில் விட்டதை அடுத்த போகத்தில் பிடிக்கலாம். இடைவேளையில் விட்டதைப் பிடிப்பது கடினம்.

முன்கூட்டித் தண்ணீர் வந்தாலும் யோசிக்க வேண்டியது உண்டு. மே மாதமே வாய்க்காலில் தண்ணீர் ஓடினால் சந்தோஷம்தான். ஆனால் அந்த வருஷம் பசுந்தாள் விதைக்க நினைத்தவர் சித்திரை பிறந்ததுமே விதைத்திருக்க வேண்டும். வைகாசிக்குக் காத்திருந்தால் 45 நாள் கிடைக்காது.

ஆகவே விவசாயிக்குத் தண்ணீர் மட்டும் போதாது. அது எந்தத் தேதியில் வரும் என்பதும் முன்னாலேயே தெரிய வேண்டும்.

தாளடி மஞ்சளிக்கும் ரகசியம்

மூன்றாவது இடைவேளையில்தான் பலரும் ஏமாந்து போகிறார்கள்.

குறுவையை இயந்திரம் அறுத்துவிட்டுப் போகிறது. வயல் நிறைய அரிதாள். அடுத்த சில நாளில் அதைச் சேற்றில் மடக்கி உழுது, உடனே தாளடி நடுகிறார்கள். தாள் மக்குவதற்கு நுண்கிருமிகள் வேலை செய்ய வேண்டும். அந்தக் கிருமிகளுக்கும் தழைச்சத்து வேண்டும். காய்ந்த தாளில் அது குறைவு. ஆகவே மண்ணில் இருப்பதைக் கிருமிகள் எடுத்துக் கொள்கின்றன. புதிதாக நட்ட பயிர் பட்டினி கிடக்கிறது. இலை மஞ்சளிக்கிறது.

விவசாயி என்ன செய்கிறார்? மண் செத்துவிட்டது என்று பயந்து இன்னொரு மூட்டை யூரியாவைக் கொட்டுகிறார். சில வாரம் கழித்துத் தாள் மக்கி, அடைபட்ட சத்தும் வெளியே வருகிறது. இப்போது இரண்டும் சேர்ந்துகொள்கின்றன. பயிர் தளதளவென்று வளர்ந்து, பூச்சியை அழைக்கிறது. காற்றடித்தால் சாய்கிறது.

தாளை மடக்கி உழுதபின் இரண்டு மூன்று வாரம் விட்டு நடுவது நல்லது. குறுவை காலத்தில் முடிந்தால்தான் அந்த நாட்கள் கிடைக்கும். நாள் இல்லாதவர்கள், தாளை மடக்கும்போதே ஏக்கருக்குச் சுமார் 9 கிலோ யூரியாவைச் சேர்த்து உழுதால் கிருமிகளின் பசி அடங்கும். பின்னால் ஒரு மூட்டையைக் கொட்டுவதைவிட இது மேல்.

நடவா? நேரடி விதைப்பா?

தண்ணீர் நிச்சயம் இல்லாததாலும், நடவுக்கு ஆள் கிடைக்காததாலும் இப்போது நேரடி விதைப்பு பரவி வருகிறது. ஆற்றுத் தண்ணீர் கடைசியாக எட்டும் கடைமடைப் பகுதிகளில் புழுதியில் விதைத்துவிட்டு மழையை எதிர்பார்ப்பது பழைய பழக்கம்தான்.

நேரடி விதைப்பில் லாபம் உண்டு. நாற்றங்கால் செலவு இல்லை. நடவுப் பயிரைவிட ஒரு வாரம், பத்து நாள் முன்னால் அறுவடைக்கு வரும். தையில் உளுந்துக்கு அந்தப் பத்து நாள் பெரிய உதவி. தொழி கலக்காத மண் இறுகாது. பயற்று வேர் சுலபமாக இறங்கும்.

நஷ்டமும் உண்டு. களை மண்டும். நடவுப் பெண்களுக்குக் கூலி போகும். மண்ணைப் பொறுத்தவரை இன்னொன்றும் கவனிக்க வேண்டும். காய்ந்த மண்ணில் யூரியா போட்டால் அது நைட்ரேட் என்ற உப்பாக மாறும். அப்புறம் திடீரென்று மழை பெய்து வயலில் தண்ணீர் கட்டினால், அந்த உப்பில் பெரும் பங்கு ஆவியாகிக் காற்றோடு போய்விடும். எனவே புழுதி விதைப்பில் முதலிலேயே யூரியாவைக் கொட்டக் கூடாது. பயிர் முளைத்து, வேர் பிடித்த பிறகு சிறு சிறு அளவாகக் கொடுக்க வேண்டும். மண் காய்ந்திருக்கும் நாட்களில் இரும்புச் சத்துக் குறைவால் இளம் இலை வெளுப்பதும் உண்டு.

சேற்று நடவில் கதை வேறு. தொழி உழவு தண்ணீரை நிறுத்துகிறது, களையை அமுக்குகிறது. ஆனால் எப்போதும் தண்ணீர் நிற்கும் வயலில் துத்தநாகச் சத்து வேருக்கு எட்டாது. நட்ட இரண்டு முதல் நான்கு வாரத்தில் இலையில் துருப் பிடித்ததுபோல் புள்ளி விழுந்து, பயிர் குட்டையாக நின்றால் அதன் அடையாளம். நடவுக்கு முன் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலில் கலந்து தூவினால் போதும். யூரியாவால் அந்த நோய் தீராது.

மூன்றாவது வழி ஒற்றை நாற்று நடவு. மடகாஸ்கர் தீவில் ஹென்றி தெ லோலானியே என்ற பாதிரியார் 1983-ம் ஆண்டில் உருவாக்கிய முறை இது. 14 நாள் இளநாற்று, குத்துக்கு ஒன்று, அகலமான இடைவெளி. தண்ணீரை எப்போதும் நிறுத்தாமல், மறைய மறையக் கட்டுகிறார்கள். உருளும் களைக்கருவியைத் தள்ளும்போது களை மண்ணுக்குள்ளேயே அமுங்கி உரமாகிறது. மண்ணும் காற்று வாங்குகிறது. ஆனால் தண்ணீரைக் கட்டவும் வடிக்கவும் நம் கையில் வசதி இருந்தால்தான் இது நடக்கும். ஐப்பசி அடைமழையில் பள்ளக்கால் வயலில் இதைச் செய்ய முடியாது.

எந்த முறையும் எல்லா மண்ணுக்கும் பொருந்தாது. முறைக்குத் தக்கபடி உரத்தையும் மாற்ற வேண்டும். முறையை மாற்றிவிட்டு, உரத்தை மட்டும் பழைய கணக்கில் போடுவதுதான் தவறு.

மூட்டைக் கணக்கு

யூரியாவை ஏன் இவ்வளவு போடுகிறார்கள்? பதில் விலையில் இருக்கிறது.

2025-ம் ஆண்டில் 45 கிலோ யூரியா மூட்டையின் விலை சுமார் 266 ரூபாய். 50 கிலோ டி.ஏ.பி. மூட்டை 1,350 ரூபாய். 1992-ம் ஆண்டில் மணிச்சத்து, சாம்பல் சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாட்டை மத்திய சர்க்கார் நீக்கியது. யூரியாவுக்கு மட்டும் கட்டுப்பாடு நீடித்தது. அன்று விழுந்த மேடு பள்ளம் இன்னும் சமமாகவில்லை. கையில் காசு குறைவாக உள்ளவர் எதை வாங்குவார்? மலிவானதைத்தான் வாங்குவார். அவரைக் குறை சொல்லிப் பயன் இல்லை.

ஆனால் மலிவான மூட்டையிலும் விரயம் இருக்கிறது. ஒரு யூரியா மூட்டையில் சுமார் 21 கிலோ தழைச்சத்து உள்ளது. சேற்று வயலில் தூவினால், பயிர் எடுத்துக் கொள்வது பெரும்பாலும் அதில் மூன்றில் ஒரு பங்குதான். மீதியில் பெரும் பகுதி காற்றிலும் தண்ணீரிலும் போகிறது. இந்த விரயத்தைக் குறைக்கத்தான் 2015-ம் ஆண்டு முதல் யூரியாவுக்கு வேப்ப எண்ணெய் பூசி விற்கிறார்கள்.

தக்கைப்பூண்டை எடுத்துக் கொள்ளுங்கள். ஏக்கருக்கு 20 கிலோ விதை. நன்றாக வளர்ந்தால் 4 முதல் 8 டன் பசுந்தழை. அதில் உள்ள தழைச்சத்து ஒன்று அல்லது இரண்டு மூட்டை யூரியாவுக்குச் சமம். அதோடு மண்ணுக்கு மக்கும் கிடைக்கிறது. யூரியா மூட்டையில் மக்கு கிடையாது.

வைக்கோலோடு போகும் பொட்டாஷ்

நெல்லை அறுத்த மறுநாளே வைக்கோலை இயந்திரம் உருட்டிக் கட்டிவிடுகிறது. லாரியில் ஏறி வெளியூர் போகிறது. கைக்குக் கொஞ்சம் பணம் வருகிறது.

நெற்பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் சாம்பல் சத்தில் ஐந்தில் நான்கு பங்கு வைக்கோலில்தான் தங்குகிறது. ஒரு ஏக்கரில் சுமார் 2 டன் வைக்கோல் என்று வைத்துக் கொண்டால், அதில் உள்ள சாம்பல் சத்து ஒரு மூட்டை பொட்டாஷுக்குக் குறையாது. வைக்கோலை விற்கிறவர் பொட்டாஷையும் சேர்த்து விற்கிறார்!

முன்பு அந்த வைக்கோலை வீட்டு மாடு தின்றது. சாணமாகி எருக்குழி வழியே வயலுக்குத் திரும்பியது. இன்று மாடு குறைந்துவிட்டது. சிலர் தாளைக் கொளுத்துகிறார்கள். கொளுத்தினால் தழைச்சத்து அநேகமாக முழுவதும் புகையாகிவிடும். வைக்கோலை விற்காதீர்கள் என்று சொல்வது சுலபம். விற்ற பணத்தில் ஒரு பங்கையாவது பொட்டாஷாகவோ எருவாகவோ நிலத்துக்குத் திருப்பிக் கொடுங்கள் என்பதே நியாயம்.

யாருடைய மண்?

இத்தனையும் தெரிந்த விவசாயிகள் இல்லாமல் இல்லை. தெரிந்தும் செய்ய முடியாததற்கு ஒரு காரணம் உண்டு.

டெல்டாவில் உழுகிறவர்களில் ஏராளமானோர் குத்தகைக்காரர்கள். அடுத்த வருஷம் அதே நிலம் கையில் இருக்குமா என்பது பலருக்கு நிச்சயம் இல்லை. யூரியாவின் பலன் இந்தப் போகத்திலேயே தெரியும். பசுந்தாளும் எருவும் மண்ணில் சேர்ந்து முழுப் பலன் தர வருஷங்கள் ஆகும். நான் எரு அடிக்க, அடுத்தவன் அறுப்பதா என்று அவர் யோசிப்பதில் என்ன தவறு? மண் வளத்தைக் காக்க வேண்டும் என்று பேசுகிறவர்கள், குத்தகைக்காரருக்கு நாலைந்து வருஷமாவது நிலம் நிலைக்க வழி தேட வேண்டும். எரு போடும் செலவில் நிலச் சொந்தக்காரரும் பங்கு ஏற்பது நல்லது.

சர்க்காரும் சும்மா இருக்கவில்லை. 2015-ம் ஆண்டில் மண் வள அட்டைத் திட்டம் வந்தது. அந்த அட்டை மண்ணின் 12 குணங்களைச் சொல்கிறது. 2024-ம் ஆண்டில் தமிழ்நாட்டில் மண் வளத்துக்கென்றே ஒரு திட்டம் தொடங்கிப் பசுந்தாள் விதையும் கொடுத்தார்கள். நல்ல காரியம். ஆனால் விதை சித்திரை பிறக்கும்போது கைக்கு வர வேண்டும். ஆனியில் வந்தால் அது விதை அல்ல, வெறும் மூட்டைதான். தேதி தவறினால் திட்டமும் தவறும்.

வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்

ஒவ்வொரு குடும்பமும் இந்த வாரமே செய்யக் கூடிய காரியம் ஒன்று உண்டு. பெட்டியில் கிடக்கும் மண் வள அட்டையை எடுங்கள். படித்த பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். "கரிமச் சத்து" என்று ஒரு வரி இருக்கும். அது 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மண் இளைத்திருக்கிறது என்று அர்த்தம். 0.75-க்கு மேலே இருந்தால் தெம்பாக இருக்கிறது.

பிறகு காலண்டரை எடுங்கள். நாற்று விடும் நாள், நடும் நாள், அறுக்கும் நாளைக் குறியுங்கள். இடையில் மண்ணுக்கு எத்தனை நாள் மிஞ்சுகிறது என்று எண்ணுங்கள். உளுந்துக்கு ஒரு இடம், தக்கைப்பூண்டுக்கு ஒரு இடம் குறித்து வையுங்கள். இரண்டுக்கும் இடம் இல்லை என்றால், குறைந்த வயது ரகத்துக்கு மாற முடியுமா என்று பாருங்கள்.

யூரியாவை ஒரே தடவையில் போடாமல் அடியுரமாகவும், தூர் கட்டும்போதும், கதிர் உருவாகும்போதும், பூக்கும்போதும் பிரித்துப் போடுங்கள். இலை வண்ண அட்டையை இலையோடு ஒப்பிட்டுப் பார்த்தால், உரம் வேண்டுமா வேண்டாமா என்று இலையே சொல்லிவிடும்.

அணை திறக்கும் தேதி நம் கையில் இல்லை. மழையும் நம் கையில் இல்லை. ஆனால் இரண்டு போகத்துக்கு நடுவே வரும் அந்தச் சில நாட்கள் பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கின்றன. நமக்குச் சோறு போடும் மண்ணுக்கு, வருஷத்தில் ஒரு மாதமாவது நாம் சோறு போட வேண்டாமா?